செம்மண்ணில் நின்ற கார்

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். தை பிறந்து, பொங்கிய பானையையும் கழுவிக் கவிழ்த்தாயிற்று. தேவராசாவின் காருக்கு மட்டும் ஒரு வழியும் பிறக்கவில்லை.

பருத்தித்துறைக் கடற்கரையில் தேவராசாவைத் தெரியாதவர்கள் குறைவு. மாரிக் கடலோடு அவருடைய வள்ளத்து எஞ்சின் படுத்துவிட்டது. இப்போது வாடைக்காற்று அடங்கி, பக்கத்து வள்ளங்களெல்லாம் தொழிலுக்கு இறங்கிவிட்டன. கடலுக்குப் போகிற மனிதன் கரையில் குந்தியிருந்தால் மனுசிக்கும் அரியண்டம், வீட்டு நாய்க்கும் அரியண்டம். காரை விற்று எஞ்சின் எடுப்பதென்று முடிவாயிற்று. அந்த முடிவில் எல்லோருக்கும் சம்மதம். எங்கே கொண்டுபோய் விற்பது என்பதில்தான் இழுபறி.

முதலில் இணையத்தில் படம் போட்டார்கள். வெள்ளி நிறச் சின்னக் கார், படத்தில் மாப்பிள்ளை மாதிரித்தான் நின்றது. போன் எடுத்தவர்கள் எல்லோரும் ஆசையாய்க் கதைத்து, கடைசியில் "கார் நிக்கிறது எவ்விடம்?" என்று கேட்டார்கள். "பருத்தித்துறை, கடக்கரையோடை" என்றதும் "பிறகு எடுக்கிறம்" என்றார்கள். அந்தப் பிறகு வரவேயில்லை.

அடுத்தது யாழ்ப்பாணத்தில் கார் வாங்கி விற்கிற ஒரு கடை. முதலாளி கதவுக்குக் கீழே கையை விட்டுத் தடவினார். விரலில் ஒட்டிய துருவை, கறளை, எடுத்துக் காட்டிவிட்டு அரைவிலை சொன்னார். தேவராசா கார்த் திறப்பை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

மூன்றாவதாக, நெல்லியடித் தரகன் ஜெரிசன். "கடக்கரைக் காரைக் கடக்கரை ஆளுக்குத்தான் விக்கலாம் அண்ணை. விலை குறையும். ஆனால் நித்திரை வரும்" என்றான் அவன். அந்த விலைக்கு எஞ்சின் வராது.

குற்றம் காரில் இல்லை, காற்றில்தான். கடலோடு நிற்கிற இரும்பு எதுவும் உப்புக்கு முன்னால் தப்பியதில்லை. மேலே மினுங்கும், அடியைக் கறள் தின்றுகொண்டிருக்கும். இது குடாநாட்டில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி.

அப்போதுதான் மூத்த மகள் தாரிகா ஒரு யோசனை சொன்னாள். "அப்பா, காரைக் கொண்டுவந்து எங்கடை வளவிலை விடுங்கோ. இஞ்சை யாழ்ப்பாணம் ரவுணுக்கும் கிட்ட. ஆக்கள் வந்து பாப்பினம்."

இஞ்சை என்றால் இணுவில், அவள் வாழ்க்கைப்பட்ட இடம். கடல் கண்ணுக்கும் தெரியாத, மூக்குக்கும் தெரியாத செம்மண் ஊர். அங்கே ஒரு தோட்டக்காரர் வளவில் நிற்கிற காரைப் பார்த்து உப்பைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்? கேட்காததற்குப் பதில் சொல்லத் தேவையில்லைத்தானே? இந்தக் கணக்கை அவள் தகப்பனுக்கும் சொல்லவில்லை, மாமனாருக்கும் சொல்லவில்லை. தன் மனதுக்குள்ளேயே கூட்டிப் பெருக்கி வைத்திருந்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த கதை அது. அது அவிழ்ந்த நாள்தான் இந்த வெள்ளிக்கிழமை.

*

விடிந்ததும் முற்றம் கூட்டப் போன தாரிகா, காருக்குக் கீழே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு திடுக்கிட்டுப் போனாள்.

"ஐயோ! ஆரது?"

"நான்தான் பிள்ளை, கத்தாதை. மாமி எழும்பப்போறா."

மாமனார் கனகரத்தினம் பசளைப்பையை விரித்து அதன்மேல் மல்லாந்து கிடந்தார். அவரது ஒரு கையில் பிறஸ், தலைமாட்டில் ஒரு ரின் கறுப்புப் பெயின்ற். மெல்ல மெல்ல ஊர்ந்து வெளியே வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். வலது முழங்கை முழுக்கக் கறுப்பு.

"என்ன மாமா செய்யிறியள்?"

"அடியிலை கறள் கிடக்குது. கம்பிப் பிறசாலை உரஞ்சிப்போட்டுப் பூசிவிட்டிருக்கிறன். இனி ஆர் குனிஞ்சு பாத்தாலும் கறுப்பாய் வடிவாய்த் தெரியும்."

தாரிகாவின் கையிலிருந்த விளக்குமாறு அப்படியே நின்றது. "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கார் வந்த அண்டைக்கே. கடக்கரையிலை நிண்ட கார் எண்டால் குனிஞ்சு பாக்கத் தெரியாதோ எனக்கு?" அவர் சிரித்தார். "டயரிலை கொஞ்சம் செம்மண்ணும் தண்ணியும் குழைச்சு அடிச்சிருக்கிறன், பாத்தியோ?"

பார்த்தாள். சில்லெல்லாம் சிவப்பாக இருந்தது. பிறந்ததிலிருந்து இணுவில் ஒழுங்கைகளிலேயே ஓடித் திரிந்த கார் என்று கோயிலில் கற்பூரம் அணைத்துச் சொன்னாலும் நம்புவார்கள்.

"அப்ப, இண்டைக்குப் பாக்க வாற தக்சாயினி அக்காவுக்கு..."

"அவளுக்குச் சொல்லியாச்சு. முந்தநாள் கந்தசாமி கோயில் வீதியிலை கண்டவள். 'மாமா, எப்பிடிக் கார்?' எண்டு கேட்டாள். 'எங்கடை வளவிலை நிண்ட கார், யோசிக்காதை' எண்டு சொன்னனான். நிண்டதுதானே! நிக்கிறதுதானே!"

சொல்லிவிட்டு அவர் மறுபடி சிரிக்கப் பார்த்தார். இந்த முறை சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

கனகரத்தினம் யார் என்று தெரிந்தால்தான் இது தாரிகாவை ஏன் உலுக்கியது என்பது விளங்கும். அவர் விதைவெங்காயம் விற்கிறவர். மற்றவர்கள் நல்ல வெங்காயத்தைச் சாக்கின் மேலே வைத்துக் கட்டுவார்கள். இவர் சின்னதையும் சொத்தையையும் மேலே வைத்துக் கட்டுவார். அடிக்குப் போகப்போகத்தான் நல்லது வரும். அதனால் அவருடைய சாக்கை அவிழ்த்துப் பார்த்து வாங்குகிறவர்கள் அந்தப் பக்கத்தில் ஒருவருமில்லை. "கனகரத்தினம் கட்டினது" என்றால் அப்படியே தூக்கிச் சைக்கிளில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்த மனிதர் கோயில் வீதியில் நின்று பொய் சொல்லியிருக்கிறார்.

"ஏன் மாமா?" என்றாள் தாரிகா.

கனகரத்தினம் பெயின்ற் ரின்னை மூடினார். "உன்ரை தேப்பன் முதன்முதலாய் ஒரு அலுவல் எண்டு எங்கடை வாசலுக்கு வந்திருக்கிறார். வெறுங்கையோடை அனுப்பினால் என்ரை முகம் என்னத்துக்கு, பிள்ளை?"

தாரிகாவும் பார்த்தீபனும் கம்பசில் படிக்கும்போது விரும்பி, இரண்டு வீடும் முகத்தைத் தூக்கி வைத்திருக்க முடித்த கலியாணம் அவர்களுடையது. தோட்டம் செய்கிற வீட்டுக்கும் கடல்தொழில் செய்கிற வீட்டுக்கும் இடையில் சம்பந்தம் நடந்து அங்கே பழக்கமில்லை. நாலு வருசத்தில் கோபம் ஆறிவிட்டது. தேவராசா வந்தால் மாமி இரத்தினம்மா இலை போட்டுச் சாப்பாடு கொடுப்பார், குறை சொல்ல ஏலாது. ஆனால் இணுவிலிலிருந்து ஒருவரும் பருத்தித்துறைக்குப் போய் அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. கூப்பிட்டால் ஒருநாள் இடுப்பு நோ, ஒருநாள் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வேணும். தாரிகாவின் தாய் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள்.

அதனால்தான் தாரிகா இந்த வீட்டில் காலெடுத்து வைத்த நாளிலிருந்து ஒரே ஒரு விசயத்துக்குப் பயந்து நடந்தாள். தன் வீட்டாரைப் பற்றி ஒரு பிழையான சொல் இங்கே எவர் வாயிலும் வரக்கூடாது. இன்றைக்கு, வேறு ஒருவரும் இல்லை, அவளேதான் அந்தச் சொல்லுக்கு வழி வெட்டி வைத்திருக்கிறாள். அவள் கேட்டது கார் நிற்க ஒரு நிழல். மனிதர் தன் வாக்கையே தூக்கிக் கொடுத்துவிட்டு முழங்கையில் கறுப்போடு நிற்கிறார்.

பார்த்தீபனோடு கதைத்தால் என்ன என்று நினைத்தாள். அவன் கிளிநொச்சி வங்கியில் வேலை, கிழமைக் கடைசியில்தான் வீடு. போனில் சொன்னால் "நீ பேசாமல் இரு, நான் வந்து பாக்கிறன்" என்பான். பேசாமல் இருந்துதான் இவ்வளவும் வந்தது.

*

இரண்டு பஸ் மாறித் தேவராசா வந்து இறங்கும்போது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் மீன் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பெரிய பொதியில் பருத்தித்துறைத் தட்டைவடை.

"இவ்வளவு என்னத்துக்கு அண்ணை?" என்றார் இரத்தினம்மா, வாங்கும்போதே ஒன்றை எடுத்து உடைத்துக்கொண்டு. மாமி கெட்டவரல்லர். நாலு சனம் என்ன சொல்லும் என்பதுதான் அவருக்கிருந்த ஒரே வருத்தம். அதற்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

தேத்தண்ணி குடித்து முடித்ததும் தேவராசா காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சில்லைப் பார்த்தார். குனியவில்லை.

"என்ன பிள்ளை, செம்மண் எல்லாம் அப்பிக் கிடக்குது? ஓடினனீங்களோ?"

"இல்லை அப்பா... மாமா கழுவினவர்."

"கழுவினால் போகுமோ, வருமோ?"

தேவராசா குரலைத் தாழ்த்தினார். "வாற பிள்ளைக்கு அடிக் கறளைச் சொல்லியாச்சுத்தானே?"

"மாமா கதைச்சவர் அப்பா."

அது பொய்யுமில்லை, மெய்யுமில்லை. தேவராசா நிம்மதியாகத் தலையாட்டினார். "அவர் சொல்லுவார். நேர்மையான மனுசன். பார் பிள்ளை, எங்கடை ஐயா ஒரு வள்ளம் விக்கேக்கை என்ன செய்வார் தெரியுமோ? வாங்கிற ஆளின்ரை கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் எந்தப் பலகை பழுதோ அந்தப் பலகையிலை வைச்சு அமத்துவார். 'இதுதான் இடம், தெரிஞ்சு கொண்டு போ' எண்டு. கடலிலை போறவன்ரை உயிரெல்லே? நானும் அப்பிடித்தான் வித்தனான். காரெண்டால் என்ன, வள்ளமெண்டால் என்ன."

தாரிகா கையிலிருந்த தட்டைவடையைக் கடிக்காமலே வைத்திருந்தாள்.

*

பத்தரைக்கு இராகுகாலம் தொடங்கும் என்று பார்த்துத்தான் தக்சாயினி முன்னதாகவே வந்தாள். மோட்டார் சைக்கிளை வாசல் படலைக்குள் விட்டு, ஹெல்மெற்றைக் கழற்றி, "மாமி, தேத்தண்ணி வேண்டாம், இப்பத்தான் குடிச்சனான்" என்று உபசாரத்துக்கு முன்னமே மறுத்துவிட்டு நேரே காரிடம் போனாள். அவள் அந்த ஊர்ப் பிள்ளை, மருத்துவமாது. கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் வீடு வீடாய்ப் போய்ப் பார்க்கிற வேலை. இப்போது வரணிப் பக்கம் இடமாற்றம் கிடைத்திருந்தது.

ஏறி இருந்தாள். ஸ்ராட் பண்ணினாள். வளவுக்குள்ளேயே முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்துப் பார்த்தாள். அவளுக்கு ஆசை பிடித்துவிட்டது, முகத்திலேயே எல்லோருக்கும் தெரிந்தது.

"எஞ்சின் நல்லாய் இருக்குது."

"எஞ்சினிலை ஒரு பிழையும் இல்லைப் பிள்ளை" என்றார் தேவராசா. அது சத்தியம். எஞ்சினைத் தன் பிள்ளையைப் போலப் பார்த்தவர் அவர்.

தக்சாயினி இறங்கி வந்து கனகரத்தினத்துக்கு முன்னால் நின்றாள். "மாமா, உங்களுக்குத் தெரியும்தானே, வரணிப் பக்கத்து ஒழுங்கையள். மாரி வந்தால் முழங்கால் வெள்ளம். அதுக்குள்ளாலை ஓடுற கார், அடி உறுதியாய் இருக்கவேணும். நீங்கள் ஒரு சொல் சொன்னால் காணும். நான் குனிஞ்சும் பாக்கமாட்டன்."

கனகரத்தினம் வாயைத் திறந்தார். முழங்கையை வேட்டியோடு ஒட்டி வைத்துக்கொண்டார். "பிள்ளை, இது..."

தாரிகா தகப்பனைப் பார்த்தாள். தேவராசாவின் நெற்றி சுருங்கிவிட்டது. சொல்லியாயிற்று என்று நினைத்த சங்கதி சொல்லப்படவில்லை என்பது அவருக்கு விளங்கிவிட்டது. அடுத்த மூச்சில் அவர் வாயைத் திறப்பார். உள்ளதைச் சொல்லுவார். சொன்னால் கனகரத்தினம் தன் வளவில், தன் ஊர்ப் பிள்ளைக்கு முன்னால் பொய்யராகிவிடுவார். சொல்லாவிட்டால் இந்தப் பெண் வெள்ளத்துக்குள்ளால் உக்கிப்போன தகரத்தில் ஓடித் திரிவாள்.

அவள் இரண்டு பேரையும் முந்திக்கொண்டாள்.

"அக்கா, ஒருக்கா இஞ்சை வாங்கோ."

தக்சாயினியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காருக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். அந்தக் கையைக் கதவுக்குக் கீழே, உள்பக்கமாய்க் கொண்டுபோய் வைத்து அமத்தினாள். சரசரவென்று ஏதோ உதிர்ந்தது. கையை வெளியே எடுத்தபோது விரலெல்லாம் காயாத கறுப்பு, அதற்குள் சிவப்புச் சிவப்பாய்க் கறள் செதில்.

"இதுதான் பழுதான இடம் அக்கா. இந்தக் கார் இஞ்சை நிண்ட கார் இல்லை. அப்பாவின்ரை. பருத்தித்துறையிலை, கடலுக்கு முன்னாலை நிண்டது. அங்கை வைச்சு விக்க ஏலாமல்தான் இஞ்சை கொண்டுவந்தது. அப்பாவுக்கு நான் சொல்லேல்லை, மாமாவுக்கும் தெரியாது. நான்தான் மறைச்சனான்."

வேலிக்கு அப்பால் யாரோ பம்ப் போட்டுத் தோட்டத்துக்கு இறைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

தக்சாயினி தன் விரலைப் பார்த்தாள். பிறகு கனகரத்தினத்தின் முழங்கையைப் பார்த்தாள். வேட்டியில் கறுப்பு ஒரு பெரிய வட்டமாய்ப் பதிந்திருந்தது. ஒரு வீட்டு வாசலில் ஏறும்போதே அங்கே யார் அழுதார்கள், யார் அதட்டினார்கள் என்று மணந்து பிடிக்கிற தொழில் அவளுடையது. இது என்ன பெரிய வேலை?

"மாமா" என்றாள் மெதுவாய். "முழங்கையை மண்ணெண்ணெய் போட்டுத் துடையுங்கோ. காய்ஞ்சால் பிறகு போகாது."

பைப்படியில் போய்க் கையைக் கழுவினாள். போகும்போது தாரிகாவின் தோளில் ஈரக்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். படலையடியில் நின்று, "அம்மா விதைவெங்காயம் கேட்டவ மாமா. பிறகு வந்து பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தாள்.

*

உப்பைத் தின்றவன் தண்ணி குடிக்கத்தானே வேணும். எல்லோரும் அவரவர் பங்கைக் குடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றார்கள்.

"பிறகு வந்து பாக்கிறனாம்" என்றார் கனகரத்தினம், படலையைப் பார்த்தபடி. "பாத்தியளோ? முந்தியெல்லாம் 'பிறகு வந்து எடுக்கிறன்' எண்டுதான் சொல்லுவாள். இனி எல்லாரும் சாக்கை அவிட்டுப் பாத்துத்தான் கொண்டு போவினம்."

இரத்தினம்மாவுக்கு அதுவரை அடக்கியதெல்லாம் வெளியே வந்தது. சத்தம் போடவில்லை. மாமி சத்தம் போடாமல் பேசும்போதுதான் கூடக் குத்தும்.

"எங்களுக்கு ஏன் உந்தத் தேவையில்லாத வேலை? ஊரிலை ஒரு சொல் கேளாமல் இருந்த மனுசன். கடக்கரைக் காரைக் கடக்கரையிலை விக்கவேண்டியதுதானே!"

சொன்ன பிறகுதான் தேவராசா பக்கத்தில் நிற்பது மாமியின் கண்ணில் பட்டது. சொன்னதை விழுங்க ஏலாது. தாரிகா நிலத்தைப் பார்த்தாள். எந்தச் சொல்லுக்கு நாலு வருசமாய்ப் பயந்தாளோ அந்தச் சொல் முற்றத்தில் விழுந்துவிட்டது. அதுவும் தன்னால். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

தேவராசாவுக்குக் கோபம் வரவில்லை. அல்லது வந்ததைக் காட்டவில்லை. சேட்டுப் பைக்குள் திறப்பைத் தடவி எடுத்தார்.

"தங்கச்சி சொல்லுறது சரிதான். நெல்லியடியிலை ஜெரிசன் எண்டு ஒருத்தன் இருக்கிறான். அவனிட்டைக் குடுத்தால் எங்கடை பக்கத்து ஆள் ஒருத்தருக்குச் சொல்லித்தான் விப்பான். விலை குறையும், குறையட்டும். புது எஞ்சின் இல்லாட்டிப் பழசு ஒண்டைப் பாப்பம். கடல் எங்கையும் ஓடிப்போகாது." பிறகு கனகரத்தினத்தைப் பார்த்தார். "அண்ணை, எனக்காக உங்கடை பேரைக் கெடுத்துப்போட்டியள். எனக்கு அதுதான் பொறுக்கேல்லை. நான் வாறன்."

மகளைக் கடக்கும்போது அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். தக்சாயினியின் கையை அமத்திய கை. அதிலும் கறுப்பும் கறளும். அதைத் தன் உள்ளங்கையால் ஒரு தரம் துடைத்துவிட்டு விட்டார். அதற்கு மேல் அவளுக்கு ஒரு நற்சாட்சியும் தேவையில்லை.

அவர் கார்க் கதவைத் திறக்கும்போது கனகரத்தினம் முற்றத்தில் இல்லை. உள்ளே போய்விட்டார். மனம் முறிந்துவிட்டது, அதுதான் போய்விட்டார் என்று தாரிகா நினைத்தாள்.

போனவர் வந்தார். வேட்டி மாற்றி, கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டுப் போட்டு, திருநீறும் பூசியிருந்தார். மண்ணெண்ணெய் மணம் முன்னால் வந்தது. நேரே போய்க் காரின் முன் சீற்றில் ஏறி இருந்துகொண்டார்.

"எங்கை வெளிக்கிட்டியள்?" என்றார் இரத்தினம்மா.

"நெல்லியடிக்கு. சம்பந்தியோடை."

நாலு வருசத்தில் அவர் தேவராசாவை அப்படிச் சொன்னதில்லை. 'தாரிகாவின்ரை தேப்பன்' என்பார், இல்லாவிட்டால் 'அவர்'. தேவராசாவின் கை கதவிலேயே நின்றுவிட்டது.

"நீங்கள் ஏன் அண்ணை அலையிறியள்?"

"நான் இந்தக் காரைப் பற்றி ஒரு பொய் சொன்னனான். ஒரு இடத்திலையாவது உள்ளதைச் சொல்லிப்போட்டு வரவேணும். வாங்கிற ஆளின்ரை கையைப் பிடிச்சு அந்த இடத்திலை நான்தான் வைக்கப்போறன்."

"இராகுகாலம் தொடங்குது!" என்று பதறினார் இரத்தினம்மா.

"பொய் சொன்னது நல்ல நேரம் பாத்துத்தானே சொன்னனான்? என்ன கிடைச்சது? உண்மையை இராகுகாலத்திலை சொல்லிப் பாப்பம்."

"மத்தியானச் சாப்பாடு?"

கனகரத்தினம் முன் கண்ணாடியால் நேரே பார்த்தபடி சொன்னார். "சம்பந்தி வீட்டிலை."

தாரிகாவுக்குத் தன் காதில் சந்தேகம் வந்தது. தேவராசாவுக்கும் வந்திருக்க வேணும். "எங்கடை வீட்டிலையோ?" என்று கேட்டார், சின்னப்பிள்ளை மாதிரி.

"ஏன், சோறு போடமாட்டியளோ?"

கலகலவென்று சிரிக்கிற மனிதர் தேவராசா. அன்றைக்கு அவரால் சிரிக்க ஏலவில்லை. மற்றப் பக்கம் திரும்பி வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொண்டையைக் கனைத்து, "பிள்ளை, நீயும் ஏறு. கொம்மாவுக்கு ஒரு போனைப் போடு" என்றார்.

தாரிகா போட்டாள்.

"அம்மா, மாமா வாறார். எங்கடை வீட்டை. சாப்பிட."

"எந்த மாமா?"

"என்ரை மாமா அம்மா! இணுவில் மாமா!"

மறுபக்கம் ஏதோ பாத்திரம் விழுந்து உருளுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு ஒரே ஓலம்.

"அடியேய், இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லே! நாலு வருசமாய் நான் எத்தினை விளைமீன், எத்தினை பாரை, எத்தினை றால் எண்டு மனசுக்குள்ளை சமைச்சு வைச்சிருக்கிறன். கடற்காரன் வீட்டுக்கு முதன்முதல் வாற சம்பந்திக்கு மரக்கறிச் சோறோ போடுறது? வீட்டிலை ஒரு கத்தரிக்காயும் ரெண்டு உருளைக்கிழங்கும்தானடி கிடக்குது!"

தாய் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தாரிகாவுக்குத் தெரியவில்லை. தானே என்ன செய்கிறேன் என்றும் தெரியவில்லை. அந்தக் குரல் போனை விட்டு வெளியே வந்து முற்றம் முழுக்கக் கேட்டது.

இரத்தினம்மாவுக்கும் கேட்டது. மாமி விறுவிறென்று பின்வளவுக்குப் போனார். திரும்பி வரும்போது சீலைத் தலைப்பில் ஒரு கட்டு முருங்கைக்காய், கத்தரிக்காய், பயற்றங்காய், ஒரு பிடி சின்ன வெங்காயம். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, காரின் பின் கதவைத் திறந்து சீற்றில் வைத்தார்.

"ஒரு கத்தரிக்காயை வைச்சுக்கொண்டு அந்த மனுசி என்ன செய்யும்?" என்றார், ஒருவரையும் பார்க்காமல்.

"சரி, கதவைச் சாத்து" என்றார் கனகரத்தினம்.

மாமியின் கை கதவிலேயே இருந்தது. எதிர்வீட்டு வாசலில் யாரோ வந்து நின்று எட்டிப் பார்ப்பதை மாமி கண்டார். கண்டதைத் தாரிகாவும் கண்டாள். அந்தப் பக்கம் ஒரு பார்வை, காருக்குள் ஒரு பார்வை. கதவைச் சாத்தவுமில்லை, விடவுமில்லை.

"பிள்ளை" என்றார் கடைசியில். "குசினிக்கை காஸ் பூட்டிக் கிடக்கோ எண்டு ஒருக்காப் பாத்திட்டு வா."

தாரிகா ஓடினாள். காஸ் பூட்டித்தான் இருந்தது. இருந்தாலும் இன்னும் ஒரு தரம் திருகிப் பார்த்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் தட்டைவடைப் பொதி பிரித்தபடி கிடந்தது. அப்போது முற்றத்தில் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

மாமி உள்ளே ஏறியிருந்து சாத்திய கதவா, வெளியே நின்று சாத்திய கதவா என்பது குசினிக்குள் நின்ற தாரிகாவுக்குத் தெரியவில்லை.